முப்பதாண்டுப் போர்: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பாடநூல்களில் முப்பதாண்டுப் போருக்கு ஒரு பத்தி கிடைத்தாலே பெரிது. 1618 முதல் 1648 வரை கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் நடந்த மதப்போர், வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையோடு முடிந்தது, அவ்வளவுதான். தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்க இது போதும். இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதவோ காணொளி போடவோ கிளம்பினால் முதல் அடியே இடறும்.

பெரிய இடறல், இரண்டு மதப்பிரிவுகளை இரண்டு அணிகளாக எண்ணிக்கொள்வது. சாக்சனியைப் பாருங்கள். புராட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூத்தரின் விட்டன்பர்க் நகரம் அந்த ஜெர்மானிய நாட்டில்தான் இருந்தது. 1620இல் பொகேமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) புராட்டஸ்டன்டுகள் புனித ரோமானியப் பேரரசின் கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டை எதிர்த்து நின்றபோது, சாக்சனியை ஆண்ட லூத்தரன் இளவரசர் யோஹான் கியோர்க் பேரரசருக்காகப் படை அனுப்பினார். அதற்குக் கைமாறாக லுசாட்டியா பகுதி அவர் கைக்கு வந்தது. 1631இல் சுவீடனோடு சேர்ந்து அதே பேரரசரை எதிர்த்தார். 1635இல் சமாதானம் பேசி மறுபடி பேரரசரிடமே போனார். லுசாட்டியா மட்டும் கைவிட்டுப் போகவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான். சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபைப் 'புராட்டஸ்டன்டுகளின் காவலர்' என்று எழுதாதவர் குறைவு. அவர் படைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1631 ஜனவரியில் பேர்வால்டே ஒப்பந்தப்படி பிரான்ஸ் ஆண்டுக்கு 4,00,000 தாலர் (வெள்ளி நாணயம்) தர ஒப்புக்கொண்டது. பிரான்ஸ் கத்தோலிக்க நாடு. அதன் முதலமைச்சர் ரிஷ்லியூ திருச்சபையின் கர்தினால். பேரரசரின் ஹாப்ஸ்பர்க் குடும்பம் ஸ்பெயினையும் ஆண்டதால் இருபுறமும் சூழப்பட்டுவிடுவோம் என்பது பிரான்சின் கவலை. ஆனாலும், பிடிக்கும் ஊர்களில் ஏற்கெனவே நடந்துவரும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் அந்த ஒப்பந்தத்திலேயே சேர்த்திருந்தார்கள்.

1625இல் போரில் இறங்கிய டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கும் புராட்டஸ்டன்ட் பற்று மட்டுமே காரணம் இல்லை. ஹோல்ஸ்டைனின் பிரபு என்ற முறையில் அவரும் பேரரசின் உறுப்பினர். வட ஜெர்மனியின் பணக்கார மறைமாவட்டங்களைத் தன் மகன்களுக்கு வாங்கிக்கொடுக்கும் கணக்கு அவருக்கு இருந்தது. நம் ஊருக்கும் இவர் அறிமுகமானவர்தான்: 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் டேனியக் கோட்டை எழும்பியது இவர் ஆட்சியில்தான். போரில் என்னவோ 1626இல் லுட்டர் என்ற இடத்தில் தோற்று, 1629இல் விலகிக்கொண்டார்.

'புராட்டஸ்டன்டுகள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் இதே தவறின் இன்னொரு முகம். பேரரசுக்குள் மதச் சண்டையை நிறுத்த 1555இல் செய்துகொண்ட ஆக்ஸ்பர்க் சமாதானம், கத்தோலிக்கரைத் தவிர லூத்தரன்களுக்கு மட்டும்தான் இடம் கொடுத்தது. இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவான கால்வின் வழியினர் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். பொகேமியர்கள் 1619இல் தங்களுக்கு மன்னராக அழைத்துவந்த ஐந்தாம் ஃபிரடெரிக் கால்வின் வழியினர். அவருடைய போதகர் அந்த டிசம்பரில் பிராக் நகரின் புனித வீட்டஸ் பேராலயத்துக்குள் போய்ச் சிலைகளையும் படங்களையும் அகற்றவைத்தார். கொதித்தவர்களில் கத்தோலிக்கர் மட்டுமல்ல, அவரை அழைத்துவந்த தரப்பினரும் இருந்தார்கள்.

இதையெல்லாம் படித்தவுடன் சிலர் நேர் எதிர்க் கரைக்கு ஓடிவிடுகிறார்கள். 'மதம் வெறும் முகமூடி, எல்லாமே அரசியல்' என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். இது முதல் தவறைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிவதால் இன்னும் ஆபத்தானது. 1629இல் ஃபெர்டினாண்ட் போரில் ஜெயித்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்திருந்தாலே போதும். அவரோ, 1552க்குப் பிறகு புராட்டஸ்டன்டுகள் எடுத்துக்கொண்ட திருச்சபைச் சொத்துகளையெல்லாம் திருப்பித் தரவேண்டும் என்று ஆணை போட்டார். அதுவரை விசுவாசமாக இருந்த சாக்சனியை விலகவைத்த காரணங்களில் அந்த ஆணை முக்கியமானது. வெறும் அரசியல் கணக்குப் போடும் ஆள் இதைச் செய்திருக்க மாட்டார். இயேசு சபையினரிடம் படித்து, இதைக் கடவுளுக்குச் செய்யவேண்டிய கடமையாக நம்பிய ஆள் செய்வார். பொகேமியாவில் தோற்ற பிறகு ஊரையும் சொத்தையும் விட்டுப் பல்லாயிரம் புராட்டஸ்டன்டுகள் வெளியேறினார்கள். கல்வியாளர் கொமேனியஸும் அவர்களில் ஒருவர். முகமூடிக்காக யாரும் வீட்டை விட்டுப் போவதில்லை.

அதற்காக அந்தத் தோல்விக்குப் பின் நடந்த தண்டனையையும் மதக் கணக்காக எழுதிவிடாதீர்கள். 1621 ஜூன் 21 அன்று பிராக்கின் பழைய நகரச் சதுக்கத்தில் 27 பேரைக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர், டிவிஷ் செர்னின், கத்தோலிக்கர். கலகக்காரர்களைக் கோட்டைக்குள் விட்டார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு.

அடுத்து, எல்லோருக்கும் பிடித்த ஜன்னல் கதை. 1618 மே 23 அன்று பிராக் கோட்டை ஜன்னல் வழியாகப் பேரரசரின் ஆளுநர்கள் ஸ்லவாட்டா, மார்ட்டினிட்ஸ் இருவரையும், கூடவே எழுத்தர் ஃபாப்ரிசியஸையும் தூக்கி வெளியே எறிந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். மாதா தாங்கிக்கொண்டார் என்றது ஒரு தரப்பு, குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்று கேலி செய்தது இன்னொரு தரப்பு. ஃபாப்ரிசியஸுக்குப் பின்னாளில் பேரரசர் கொடுத்த பிரபுப் பட்டத்திலேயே 'உயரத்திலிருந்து விழுந்தவர்' என்ற பொருள் இருந்தது. சுவையான கதை, சொல்லலாம். ஆனால் போர் மூண்டதற்குக் காரணம் இதுதான் என்று முடித்துவிடக் கூடாது. 1609இல் பேரரசர் ருடால்ஃப் எழுதிக்கொடுத்த மதச் சுதந்திரப் பத்திரத்தை மீறி இரண்டு ஊர்களில் புராட்டஸ்டன்ட் தேவாலயங்களைத் தடுத்ததுதான் அன்றைய சண்டை. அதுவும் உள்ளூர்ச் சண்டையாகவே அடங்கியிருக்கக்கூடும்.

அதை ஐரோப்பியப் போராக்கியது 1619இல் ஃபிரடெரிக் பொகேமிய முடியை ஏற்றது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குகள் மொத்தம் ஏழு. மூன்று பேராயர்கள் கத்தோலிக்கர். சாக்சனி, பிராண்டன்பர்க், பாலட்டினேட் ஆகிய மூன்று நாடுகளும் புராட்டஸ்டன்ட். ஏழாவது வாக்கு பொகேமிய மன்னருடையது. பாலட்டினேட்டை ஏற்கெனவே ஆண்டுவந்த ஃபிரடெரிக்கிடம் அதுவும் போனால் நாலுக்கு மூன்று. ஹாப்ஸ்பர்க்குகளின் தலைநகர் வியன்னாவைக் கலக்கியது இந்தக் கணக்கு.

தேதிகளிலும் கவனம் வேண்டும். போப் 1582இல் கொண்டுவந்த புதிய நாட்காட்டியைக் கத்தோலிக்க நாடுகள் ஏற்றன, ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் நாடுகள் 1700 வரை பழையதையே பிடித்துக்கொண்டிருந்தன. வித்தியாசம் பத்து நாள். குஸ்தாவ் அடால்ஃப் இறந்த லுட்சன் போர் ஒரு நூலில் 1632 நவம்பர் 6, இன்னொன்றில் நவம்பர் 16. இரண்டும் சரிதான், ஒரே கட்டுரையில் கலந்துவிட்டால்தான் வம்பு. 'ஜெர்மனி' என்ற சொல்லையும் பார்த்துப் போடுங்கள்: அன்று இருந்தது நூற்றுக்கணக்கான அரசுகளும் நகரங்களும் சேர்ந்த புனித ரோமானியப் பேரரசு.

சாவு எண்ணிக்கையை எழுதும்போது போர்க்களத்தை மட்டும் பார்க்காதீர்கள். இன்றைய மதிப்பீடுகள் 45 லட்சத்திலிருந்து 80 லட்சம் வரை போகின்றன. அதில் பெரும்பகுதி கொள்ளைநோய், டைஃபஸ், பட்டினி. எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை: வூர்ட்டம்பர்க் போன்ற பகுதிகள் பாதி மக்களை இழந்தன, பலமான மதில் கொண்ட ஹாம்பர்க் வளர்ந்தது. சிப்பாய்களையும் வெறியர்களாக வரையாதீர்கள். பெர்லின் நூலகத்தில் 1988இல் ஒரு சிப்பாயின் நாட்குறிப்பு கிடைத்தது. எழுதியவர் பீட்டர் ஹாகெண்டார்ஃப் என்று பின்னர் கண்டுபிடித்தார்கள். நடந்தே 20,000 கிலோமீட்டருக்கு மேல் அலைந்தவர். 1631 மே மாதம், ஏறத்தாழ 20,000 பேர் மாண்ட மாக்டபுர்க் தாக்குதலில் பேரரசர் படையில் இருந்து குண்டடி பட்டார். கட்டுப் போடத் துணி தேடி அவர் மனைவி எரியும் ஊருக்குள் போய்ப் படுக்கையும் ஒயினும் கொண்டுவந்தார். அவ்வளவு அழகான ஊர் எரிந்துபோனதே என்று ஹாகெண்டார்ஃபே வருந்தி எழுதியிருக்கிறார். 1633இல் சுவீடன் படையிடம் பிடிபட்டதும் அவர்கள் பக்கம் சேர்ந்து சண்டை போட்டார். அடுத்த ஆண்டு நோர்ட்லிங்கன் போருக்குப் பின் பழைய படைக்கே திரும்பிவிட்டார்.

கடைசியாக வெஸ்ட்ஃபாலியா. இறையாண்மை கொண்ட நவீன நாடுகள் 1648இல் பிறந்தன என்பது அரசியல் பாடநூல்களின் மந்திரம். ஆனால் புனித ரோமானியப் பேரரசு அதற்குப் பிறகும் 1806 வரை இருந்தது. 'ஆள்பவர் மதமே குடிகளின் மதம்' என்ற 1555இன் விதியை அந்த உடன்படிக்கை அப்படியே உறுதிசெய்தது என்றும் எழுதுகிறார்கள். உண்மையில் அது ஆள்பவரின் கையைக் கட்டியது. 1624ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, அந்த ஆண்டில் எங்கே எந்த வழிபாடு இருந்ததோ அது தொடரலாம், ஆள்பவர் மதம் மாறினாலும் குடிகளை மாற்ற முடியாது என்றது. ஹாப்ஸ்பர்க்குகள் தங்கள் சொந்த நாடுகளுக்கு மட்டும் பெரும்பாலும் விலக்கு வாங்கிக்கொண்டார்கள். கால்வின் வழியினருக்கும் இப்போதுதான் சட்ட இடம் கிடைத்தது.

இந்த ஏற்பாடு எவ்வளவு விசித்திரமானது என்று பார்க்க வட ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் மறைமாவட்டம் போதும். அங்கே ஒரு கத்தோலிக்க ஆயர், அடுத்து ஒரு லூத்தரன் ஆயர் என்று மாறி மாறி ஆளவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். லூத்தரன் முறை ஹனோவரின் அரச குடும்பத்துக்கு. அந்தக் குடும்பம் பின்னர் பிரிட்டனையும் ஆளத் தொடங்கியது. 1764இல் அந்த முறை வந்தபோது மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகன் ஃபிரடெரிக்கை ஆயராக்கினார்கள். அப்போது அந்த ஆயருக்கு வயது ஆறு மாதம்.