பெயின்ட்டில் கோடு விழாமல் காரைக் கழுவுவது எப்படி

கருப்பு நிறக் கார் ஒன்றை வெயிலில் நிறுத்தி, பானட்டைச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை ஓட்டும்போது விழுந்தவை அல்ல, துடைக்கும்போது விழுந்தவை. வெள்ளைக் காரிலும் இதே கோடுகள் உண்டு. கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

காரைத் தொடும்போது நம் கை படுவது நிறத்தின் மேல் அல்ல. இரும்புத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. எல்லாம் சேர்த்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடியை விட மெல்லியது. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் சக்தியும் இந்த அடுக்கில்தான் இருக்கின்றன. சாலைத் தூசியில் கலந்திருக்கும் மணல் துகளோ இதை விடப் பல மடங்கு கடினமானது. அதனால் தூசியைத் தேய்க்கக் கூடாது. ஊற வைத்து, வழுக்க வைத்து, தூக்கி எடுக்க வேண்டும். கீழே வரும் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

முதல் வேலையாக, வண்டி எடுக்கும் முன் உலர்ந்த துணியாலோ டஸ்டராலோ தூசி தட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெயின்ட்டைக் கெடுக்கும் காரியங்களில் இதற்கு இணை இல்லை. தூசி படிந்த காரின் மேல் அப்படியே கவரை இழுத்துப் போடுவதும் அதே தவறுதான். காற்றில் கவர் அசையும் போதெல்லாம் அடியில் இருக்கும் மணல் உரசிக்கொண்டே இருக்கும்.

என்னென்ன வேண்டும்

15 லிட்டர் கொள்ளளவு உள்ள வாளி இரண்டு, வீலுக்கென்று தனியாகச் சின்ன வாளி ஒன்று. மைக்ரோஃபைபர் வாஷ் மிட், அதாவது மிக மெல்லிய செயற்கை இழைகளால் ஆன, கையுறை போல மாட்டிக்கொள்ளும் துணி. சாதாரண ஸ்பாஞ்சு வேண்டாம்: அதன் தட்டையான முகத்தில் மணல் வெளியே நின்று உரசும், மிட்டின் நீண்ட இழைகளுக்குள் மணல் ஒதுங்கிவிடும். வாளியின் அடியில் போடும் சல்லடைத் தட்டு கிடைத்தால் நல்லது. அலசும்போது கீழே போன மண் மறுபடி மேலே எழாது.

ஷாம்பூ காருக்கென்றே விற்கப்படுவதாக, பி.எச் அளவு நடுநிலையில் இருப்பதாக இருக்கட்டும். பாத்திரம் துலக்கும் திரவம் எண்ணெய்ப் பசையை எடுக்கவே தயாரானது. பெயின்ட் மேல் பூசிய வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். துணி சோப்புத் தூள் அதை விட மோசம். அது காரத்தன்மை கொண்டது, கரையாத துகளும் நிற்கும். பல ஷாம்பூகளுக்கு 10 லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 மி.லி. போதும். இருந்தாலும் பாட்டிலில் போட்டிருக்கும் அளவையே பின்பற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் நுரைதான் கூடும், அலசுவதும் சிரமம்.

கழுவுதல்

நிழல் வேண்டும். புறங்கையை பானட்டில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் காத்திருங்கள். சூடான தகட்டில் ஷாம்பூ நிமிடத்தில் காய்ந்து திட்டுத் திட்டாகப் படிந்துவிடும்.

வீலை முதலில் முடியுங்கள். பிரேக்கிலிருந்து வரும் கரும்பொடியில் இரும்புத் துகள் இருக்கிறது. கடைசியில் வீலைக் கழுவினால், சுத்தமான கதவின் மேல் அது தெறிக்கும். வீலுக்குப் பயன்படுத்திய பிரஷும் துணியும் எந்தக் காலத்திலும் பாடியின் பக்கம் வரக் கூடாது.

அடுத்து, கை படாமல் தண்ணீர் மட்டும். கூரையில் தொடங்கிக் கீழே வரை நன்றாக அடியுங்கள். அவசரம் வேண்டாம், தளர்ந்த மண் எவ்வளவு இந்தக் கட்டத்திலேயே போகிறதோ அவ்வளவு லாபம். பிரஷர் வாஷர் இருந்தால் விசிறி போல விரியும் முனையைப் போட்டு, குறைந்தது ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். கல் பட்டுச் சில்லு பெயர்ந்த இடத்தில் நேராக அடித்தால் ஓரம் உரிந்துகொண்டே போகும். நுரை அடிக்கும் கருவி இருந்தால் அடித்துவிட்டு நான்கைந்து நிமிடம் ஊற விட்டு, காயும் முன் அலசுங்கள்.

இப்போதுதான் மிட்டை எடுக்க வேண்டும். ஒரு வாளியில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்பூவில் முக்கி ஒரு பகுதியைக் கழுவுங்கள், வெறும் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், மறுபடி ஷாம்பூவில் முக்குங்கள். ஒரே வாளியை வைத்துக்கொண்டால் கூரையில் எடுத்த மண்ணையே பானட்டில் பூசுகிறோம் என்று அர்த்தம். கூரை, கண்ணாடிகள், பானட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியாகக் கதவின் அடிப்பாகமும் பம்பரும் என்ற வரிசையை மாற்றாதீர்கள்; மண் அதிகம் சேர்வது கீழேதான். மிட்டின் எடையே போதும், அழுத்த வேண்டாம். வட்டமாகச் சுழற்றாமல் நேர்கோட்டில் இழுங்கள். மிட் கீழே விழுந்தால் அதை அப்படியே மறுபடி கையில் மாட்டாதீர்கள். உதறினால் போகாத மணல் ஒன்று போதும், ஒரு கதவைக் கெடுக்க.

தண்ணீர் தட்டுப்பாடு இருந்தால், அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் திரவத்தை அதன் அளவுப்படி ஒரு வாளியில் கலந்து, ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிகளை ஊறப் போடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் புதுத் துணி. அழுக்கான துணி திரும்ப வாளிக்குள் போகக் கூடாது. இலேசான தூசிக்கு இது அருமையான வழி. சேறு அப்பியிருந்தால் மட்டும் வேண்டாம்.

உலர்த்துதல்

தானாகக் காயட்டும் என்று விட்டால் கறை நிச்சயம். தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்த கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையமாகத் தங்கிவிடும். கடைசி அலசலில் ஹோஸின் முனையைக் கழற்றி, அழுத்தமின்றித் தண்ணீரை மெதுவாக வழிய விடுங்கள்; தாள் போல வழியும்போது துளிகளைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பிறகு தடிமனான மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் பரப்பி, ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். கண்ணாடி ஓரம், கைப்பிடி, நம்பர் பிளேட் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் தண்ணீர் பிறகு வழிந்து கோடு போடும். அவற்றைத் தனியாக ஒற்றி எடுங்கள்.

கழுவி முடித்ததும் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். டிஸ்க் காய்ந்துவிடும். அதன் மேல் வரும் செந்நிறத் துருப்படலம் இயல்பானது, பயப்பட வேண்டாம்.

கழுவியும் போகாதவை

பறவை எச்சத்துக்கு மட்டும் அடுத்த கழுவல் வரை காத்திருக்காதீர்கள். அதன் அமிலம் ஒரு பக்கம். வெயிலில் கிளியர் கோட் இளகி, இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, காய்ந்து கெட்டியான எச்சத்தின் வடிவிலேயே பள்ளம் விழுவது இன்னொரு பக்கம். கோடையில் ஒரே நாளில் தடம் பதிந்துவிடலாம். டிஷ்யூவைத் தண்ணீரில் நனைத்து மேலே போட்டு, பத்து நிமிடம் கழித்து அள்ளி எடுங்கள். சுரண்டாதீர்கள், அதில் விதையும் மணலும் இருக்கும்.

தண்ணீர் காய்ந்து புதிதாக வந்த உப்புக் கறைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு. துணியில் தொட்டு ஓரிரு நிமிடம் வைத்து, நன்றாக அலசுங்கள். அந்த இடத்து வாக்ஸ் பலவீனமாகும், மறுபடி பூச வேண்டும். விரலால் தடவினால் பள்ளம் தெரிகிற பழைய கறை இதற்கு அசையாது, அதற்குப் பாலிஷ்தான். மரப்பிசினை ஐசோபுரொபைல் ஆல்கஹால் கரைக்கும், தாருக்கு அதற்கென்ற ரிமூவர் உண்டு.

கழுவிய பின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் இரும்புத் துகள்களும் பிற படிவுகளும் பதிந்திருக்கின்றன. அயர்ன் ரிமூவர் தெளித்தால் இரும்பு இருக்கும் இடம் ஊதா நிறமாகும். காயும் முன் அலசுங்கள். மீதியைக் கிளே பார், அதாவது பெயின்ட்டில் ஒட்டிய துகள்களைப் பிடித்து எடுக்கும் களிமண் போன்ற மென்மையான கட்டி, எடுக்கும். வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டி, அழுக்கானதும் உள்ளே மடித்துப் புது முகத்தைக் கொண்டு வாருங்கள். கிளே தரையில் விழுந்தால் குப்பைக்குத்தான்.

காப்புப் பூச்சு

பாலிஷும் வாக்ஸும் ஒன்றல்ல. பாலிஷ் கிளியர் கோட்டைத் தேய்த்துக் குறைத்துக் கோடுகளைப் போக்குகிறது. வாக்ஸ் மேலே ஒரு படலம் சேர்க்கிறது. எனவே பாலிஷை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டும்.

பனை வகை மரத்தின் மெழுகான கார்னோபா வாக்ஸ் ஒன்றிரண்டு மாதம் நிற்கும், அதே வேலையைச் செய்யும் செயற்கைப் பூச்சான சீலன்ட் நான்கைந்து மாதம். முதன்முறை செய்பவர்களுக்கு சீலன்ட்டே பொருத்தம். பூசுவதில் பிழை வந்தாலும் எளிதில் திருத்திக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும் மிக மெல்லியதாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் துடைக்கும் உழைப்புதான் இரட்டிப்பாகும். மூடுபனி போல வெளிறியதும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சுத்தமாகத் துடைபட்டால் துணியால் எடுக்கலாம். சொரசொரப்பான கருப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளைத் திட்டு விழும். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் காரில் பாலிஷும் சாதாரண வாக்ஸும் கூடவே கூடாது. ஆங்காங்கே பளபளப்புத் திட்டுகள் வந்துவிடும், திரும்ப மங்க வைக்க முடியாது.

கெட்டியாகி பெயின்ட்டோடு பிணையும் திரவப் பூச்சான செராமிக் கோட்டிங்கை வீட்டில் போடலாம். ஆனால் அது அடியில் இருக்கும் கோடுகளையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்பதால், பெயின்ட்டைச் சரிசெய்து, ஆல்கஹால் கலவையால் எண்ணெய்ப் பசையைத் துடைத்த பிறகே தொடங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி பகுதியாகப் பூசி, வானவில் போல நிறம் காட்டியதும் உடனே துடையுங்கள். தாமதித்தால் கெட்டியாகி மேடு மேடாக நிற்கும், அதை எடுக்க மறுபடி பாலிஷ்தான். முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. கோட்டிங் போட்ட காரையும் இதே இரண்டு வாளி முறையில்தான் கழுவ வேண்டும். அதற்கும் கோடு விழும்.

புதிதாக பெயின்ட் அடித்த கதவோ பம்பரோ இருந்தால், அடித்தவரிடம் கேட்டு, பொதுவாக 30 முதல் 60 நாள் வரை அதன் மேல் வாக்ஸோ சீலன்ட்டோ பூசாதீர்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வழி வேண்டும். அதுவரை கழுவலாம்.

துணிகள்

மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் நூல் பிசிறெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். தனியாக, திரவ சோப்பில் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் இழைகளை மூடி, உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். காய்ந்ததும் மூடிய டப்பாவில் வையுங்கள். பழசாகிச் சொரசொரத்த துணியை வீலுக்கும் என்ஜின் அறைக்கும் ஒதுக்கி, ஓரத்தை வெட்டி அடையாளம் வைத்தால் அடுத்த முறை கை மாறிப் போகாது.