பாடிபோர்டை ஒட்டுறேன்னு உக்காந்து அதை ஒரேயடியா காலி பண்ணிடாதீங்க

பாடிபோர்டு, அதான் கடல் அலையில படுத்துக்கிட்டு சறுக்குற ஃபோம் பலகை, கிழிஞ்சா நம்ம கை நேரா பசை டியூபைத்தான் தேடும். நானும் அப்படித்தான், கோவளத்துல பாறையில ஒரசி ஓரத்துல ரெண்டு விரல் அளவுக்குக் கிழிஞ்ச என் மொத போர்டுக்கு, செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட கொஞ்சம் மஞ்சள் பசை வாங்கிட்டு வந்து நல்லா அப்பி விட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு பாத்தா கிழிசல் இருந்த இடத்துல எலுமிச்சம்பழ சைஸ்ல குழி. உள்ள இருந்தது தெர்மாக்கோல், பெட்ரோல்ல போட்டா எப்படி கரையுமோ அப்படியே அந்த பசையை இளக்கமா வச்சிருக்கிற சால்வென்ட்லயும் கரைஞ்சு போச்சு.

அதனால பசைக்கு முன்னாடி உள்ள என்ன ஃபோம்னு பாருங்க. கிழிஞ்ச இடத்துல நகத்தால அழுத்துங்க. உருண்டை உருண்டையா தெரிஞ்சு, அமுங்கின பள்ளம் அப்படியே நின்னு பொடியா உதிர்ந்தா தெர்மாக்கோல், விலை கம்மி போர்டுல பெரும்பாலும் இதான். உருண்டை தெரியுது ஆனா ரப்பர் மாதிரி திரும்பி எழும்புதுன்னா பாலிப்ரொப்பிலீன். உருண்டையே இல்லாம வழவழன்னு மெத்துன்னு இருந்தா பாலிஎத்திலீன். தெர்மாக்கோலுக்கு சால்வென்ட் இல்லாத எபாக்ஸி (ரெண்டு பாகத்தைக் கலந்து போடுற பசை) ஓகே. ஆனா படகுக்கும் ஃபைபர் வேலைக்கும் ஊத்துற பாலியஸ்டர் ரெசின் பக்கம் போயிடாதீங்க, அதுல இருக்கிற ஸ்டைரீன் தெர்மாக்கோலை சாப்பிட்டுடும். மத்த ரெண்டுக்கும் அந்த மஞ்சள் ரப்பர் பசையே போதும். சூப்பர் குளூ எதுக்கும் வேண்டாம், பாலிஎத்திலீன்ல அது சரியா பிடிக்கவே பிடிக்காது, பிடிச்ச மாதிரி இருந்தாலும் காஞ்சதும் கண்ணாடி மாதிரி விறைச்சுக்கும், போர்டு ஒரு தடவை வளைஞ்சா படக்குன்னு விட்டுடும்.

அடுத்து அவசரம். மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள கடல் தண்ணி நிக்கும். நல்ல தண்ணியில உப்பு போக அலசிட்டு, கிழிசல் கீழ பாக்குற மாதிரி நிழல்ல ரெண்டு மூணு நாள் சாய்ச்சு வைங்க. சீக்கிரம் காயட்டும்னு மொட்டை மாடி வெயில்ல போட்டாலோ கார் டிக்கியில விட்டாலோ உள்ள காத்து விரிஞ்சு மேல் தோல் கொப்பளம் கொப்பளமா கெளம்பிடும், அப்புறம் ஒரு கிழிசலுக்கு பதிலா ரெண்டு வேலை.

ரப்பர் பசை போடுறவங்க பாதி பேரு ஒரு பக்கம் மட்டும் தடவி ஈரத்தோட அமுக்கிடுறாங்க. உப்புத்தாளால லேசா சொரசொரப்பாக்கி, ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி, விரல்ல ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் சும்மா இருங்க (ஜன்னலைத் திறந்து வைங்க, வாடை தலைய சுத்தும்). அப்புறம் ஒரே தடவைதான் சேர்க்கணும், சேர்ந்துட்டா நகர்த்த முடியாது. மேல அம்மிக்கல்லை அப்படியே வச்சா போர்டுல அதோட அச்சு விழும், அகலப் பலகை ஒண்ணு போட்டு அது மேல வெயிட் வைங்க, ஒரு நாள் தொடாதீங்க.

அடியில இருக்கிற வழுக்கலான பிளாஸ்டிக், அதான் ஸ்லிக், அங்க சின்ன கீறலை சால்டரிங் அயர்னால உருக்கி மூடலாம்னு சொல்வாங்க, மூடலாம்தான், ஆனா முனை ஒரு நொடி ஆழமா போனாலும் உள்ள ஃபோம் உருகி பொந்து விழுந்துடும். மொதல்ல ஒரு பழைய ஷாம்பூ பாட்டில்ல கை பழகுங்க.

லீஷ் பிளக், அதான் போர்டை கையோட கட்டுற கயிறை மாட்டுற பிளக், கழண்டு வந்துச்சுன்னா புது ஓட்டையை போர்டு நடுக்கோட்டுல போட்டுடாதீங்க, அங்கதான் போர்டை விறைப்பா வச்சிருக்கிற ஸ்ட்ரிங்கர் கம்பி ஓடும். அந்தக் கம்பியே உடைஞ்சு போர்டு குறுக்கால மடிஞ்ச கோடு விழுந்திருந்தா எந்த பசையும் அந்த விறைப்பைத் திருப்பித் தராது. என்கிட்ட அப்படி ஒண்ணு இருக்கு, அக்கா பையன் நீச்சல் பழக அதைத்தான் தூக்கிட்டு போறான்.