ரக்பி லீக் உலகக் கோப்பையின் கதையை எந்த ஆட்டத்திலிருந்து தொடங்குவது

கண்டியில் வளர்ந்த எனக்கு ரக்பி என்றால் நித்தவலை மைதானம், பக்கத்துக்கு 15 பேர், அவ்வளவுதான். மேற்கு சிட்னிக்கு வந்த பிறகுதான் 13 பேர் ஆடுகிற ரக்பி லீக் என்று தனியாக ஒன்று இருப்பது தெரிந்தது. அதன் உலகக் கோப்பை வரலாற்றைப் படிக்க உட்கார்ந்த அன்று முதலில் வெற்றியாளர் பட்டியலைத் திறந்தேன். 16 போட்டிகள், 12 தடவை ஆஸ்திரேலியா. இதில் என்ன கதை இருக்கப்போகிறது என்று மூடி வைத்துவிட்டேன். ஒரு வருடம் வீணாய்ப் போனது. அதனால் அந்தப் பட்டியலைக் கடைசிக்கு வையுங்கள். என் அக்கா மகனுக்கு நான் சொல்லிக்கொடுத்த வழி இது.

முதலில், பார்ப்பது லீக்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து வீழ்த்திய பிறகு என்ன நடக்கிறது என்று மட்டும் கவனித்தால் போதும். அவரை எழுந்திருக்க விடுவார்கள். அவர் பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னால் உருட்டிவிடுவார். இப்படி ஆறு தடவை பிடிபட்டால் பந்து மற்ற அணிக்கு. ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பந்துக்கு மல்லுக்கட்டினால் அது 15 பேர் ஆடுகிற ரக்பி யூனியன். இந்தப் பிரிவு 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் நடந்தது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் ஆட்டத்துக்காக விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டக் காசு கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. கொடுக்கலாம் என்ற வட இங்கிலாந்து கிளப்புகள் தனியே வந்துவிட்டன.

அப்புறம் ஒரு கொப்பி எடுங்கள். போட்டிக்கு ஒரு பக்கம். எங்கே நடந்தது, எத்தனை அணிகள், இறுதி ஆட்டம் இருந்ததா, ஒரு ட்ரைக்கு (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) எத்தனை புள்ளி என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் 'யார் வரவில்லை' என்று எழுதி இடம் விடுங்கள். என் அனுபவத்தில் அந்தக் கடைசி வரிதான் மற்றதையெல்லாம் விளக்கும்.

முதல் பக்கம் பிரான்ஸ், 1954. இதில் அவசரப்படாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனிக்கு இணங்கி நடந்த விஷி அரசு பிரான்சில் ரக்பி லீக்கைத் தடை செய்து, அதன் பணத்தையும் சொத்தையும் பறிமுதல் செய்தது. போர் முடிந்த பிறகும் ரக்பி என்ற பெயரைப் போட்டுக்கொள்ள விடவில்லை. 'பதின்மூவர் ஆட்டம்' என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அப்படி அடிபட்ட சங்கத்தின் தலைவர் பால் பாரியேர் விடாப்பிடியாக நின்று முதல் உலகக் கோப்பையை நடத்தினார். கோப்பையையும் அவரே கொடுத்தார். யூனியன்காரர்களின் உலகக் கோப்பை 1987இல்தான் வந்தது என்பதையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள்.

நான்கே அணிகள்: பிரான்ஸ், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. பிரிட்டனின் பெரிய ஆட்டக்காரர்களில் பலர் அந்த வருடத்து நீண்ட ஆஸ்திரேலியப் பயணத்தோடு களைத்துப்போய் வரவில்லை. புதுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக்காரர் டேவ் வேலன்டைன் தலைமையில் போனார்கள். பாரிஸில் பார்க் தெ பிரான்ஸ் மைதானத்தில் பிரான்ஸை 16-12 என்று வென்றார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது ஒரு ட்ரைக்கு 3 புள்ளி, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கிற கோலுக்கு 2. பிரிட்டன் 4 ட்ரை, 2 கோல். பிரான்ஸ் 2 ட்ரை, 3 கோல். 1983இல் ட்ரை 4 புள்ளி ஆனது. அந்தக் கணக்கில் இதே ஆட்டம் 20-14. பழைய ஸ்கோரையும் புதிய ஸ்கோரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்முன் இதைச் செய்யாவிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

அடுத்து நேரே 1972க்குப் போய்விடுங்கள். லியோன் நகரில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் ஆடிய இறுதி ஆட்டம். காணொளியை நிறுத்தும் பொத்தான் மேலேயே விரலை வைத்துத்தான் பார்ப்பேன். கிளைவ் சல்லிவன் தன் பாதியில் பந்தை எடுத்து ஓரமாக ஓடத் தொடங்குகிறார். துரத்துகிறவர்களுக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி குறையவே இல்லை. மைதானத்தின் பெரும்பகுதியை ஓடிக் கடந்து ட்ரை வைக்கிறார். கார்டிஃபில் பிறந்தவர். பிரிட்டனின் தேசிய அணி ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர். ஹல் நகருக்குள் போகிற பெரிய சாலைக்கு இன்று அவர் பெயர்தான். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 10-10. முதல் சுற்றுப் பட்டியலில் முன்னால் இருந்ததால் கோப்பை பிரிட்டனுக்குப் போனது. அதற்குப் பிறகு பிரிட்டனும் இங்கிலாந்தும் இதுவரை வென்றதில்லை. அன்று மைதானத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 4,500 பேர்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

1975 முதல் 1992 வரை கொஞ்சம் சிக்கலான காலம். 1975இல் பிரிட்டன் இல்லை, இங்கிலாந்தும் வேல்ஸும் தனித்தனியாக ஆடின. 1985-88, 1989-92 என்று இரண்டு போட்டிகளை வருடக்கணக்காக இழுத்தார்கள். வழக்கமான சுற்றுப்பயண ஆட்டங்களையே உலகக் கோப்பைப் புள்ளிக்கும் சேர்த்துக்கொண்டார்கள். இதற்கு அரைப் பக்கம் போதும். ஆனால் 1992 வெம்பிளி இறுதி ஆட்டத்தை விடாதீர்கள். 73,631 பேர் முன்னால் ஆஸ்திரேலியா பிரிட்டனை 10-6 என்று வென்றது. இந்தக் காலத்தில் பாரியேர் கொடுத்த கோப்பையே காணாமல் போயிருந்தது. 1970இல் பிராட்ஃபோர்டு ஹோட்டல் ஒன்றிலிருந்து திருடுபோய், 20 வருடம் கழித்து அதே ஊர்ப் பக்கம் குப்பையில் கிடைத்தது.

1995 பக்கத்தில் 'யார் வரவில்லை' வரி நிறைந்துவிடும். ஆஸ்திரேலியாவில் பழைய சங்கத்துக்கு எதிராக சூப்பர் லீக் என்ற இன்னொரு அமைப்பு கிளம்பியது, அதில் ஒப்பந்தம் போட்டவர்களைத் தேசிய அணியில் சேர்க்கவில்லை. அப்படியும் ஆஸ்திரேலியாதான் வென்றது.

2008, பிரிஸ்பேன். இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து ஆஸ்திரேலியாவை 34-20 என்று வென்றது. ஆஸ்திரேலியாவின் பில்லி ஸ்லேட்டர் தன் கோட்டருகே தூக்கிப் போட்ட பந்தை நியூசிலாந்தின் பென்ஜி மார்ஷல் பிடித்து ட்ரை வைத்த அந்த ஒரு காட்சியைப் பாருங்கள், போதும்.

அங்கிருந்து பசிபிக் தீவுகளின் கதை. 2017இல் ஜேசன் டௌமலோலோ நியூசிலாந்தை விட்டு, தன் பெற்றோரின் நாடான டோங்காவுக்கு ஆட வந்தார். டோங்கா நியூசிலாந்தை 28-22 என்று வென்றது. இப்போது கடைசி வரியை 'யார் எங்கே போனார்கள்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கொரோனாவால் தள்ளிப்போன 2021 போட்டி 2022இல் நடந்தது, தேதி எழுதும்போது கவனம். முதல் நாளே சமோவாவை இங்கிலாந்து 60-6 என்று நொறுக்கியது. நான்கு வாரம் கழித்து அரையிறுதியில் மறுபடி அதே இரண்டு அணிகள். இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. எனக்கு கிடங்கில் இரவு வேலை. சாப்பாட்டு அறையில் என்னோடு வேலை செய்கிற சமோவா அண்ணன் ஒருவர் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்திருந்தார். 26-26. கூடுதல் நேரம், முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றி. சமோவாவின் ஸ்டீவன் கிரைட்டன் டிராப் கோல் அடித்தார், பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு எழும்போது உதைப்பது, ஒரே ஒரு புள்ளி, 27-26. அண்ணன் கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சமோவா அணியின் கிரைட்டன், லுவாய், டோ'ஓ மூவரும் இங்கே பென்ரித் கிளப்பில் ஆடியவர்கள். இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா சமோவாவை 30-10 என்று வென்றது. அதே வருடம் சக்கர நாற்காலிப் போட்டியின் இறுதியில் இங்கிலாந்து பிரான்ஸை 28-24 என்று வென்றதையும் தேடிப் பாருங்கள். நாற்காலிகள் மோதுகிற சத்தத்தைக் கேட்க வேண்டும்.

சரி, இப்போது அந்த வெற்றியாளர் பட்டியலைத் திறக்கலாம். ஒவ்வொரு வருடத்துக்கும் எதிரே உங்கள் கொப்பியின் கடைசி வரியை எழுதுங்கள். என் அக்கா மகன் 1954க்கு எதிரே சிவப்பு மையில் 'களைத்துப்போனவர்கள்' என்று எழுதி வைத்திருக்கிறான்.