மின்விசிறி சுற்றியது, திரை இருண்டே கிடந்தது

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஜூன் மாதம், வரவு குவிந்திருந்த நேரத்தில் கணினி எழ மறுத்தது. மின்விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. கணினி எழும்போது வரும் பீப் ஒலியும் இல்லை. பழுது பார்ப்பவர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் 'மதர்போர்டு (எல்லா உறுப்புகளையும் இணைக்கும் தாய்ப்பலகை) போய்விட்டது' என்றார். என் மனம் ஒப்பவில்லை.

மானிட்டரையும் அதன் கேபிளையும் வேறு கணினியில் பொருத்திப் பார்த்தேன், பழுதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தித் தேங்கிய மின்சாரத்தை வடித்தேன். பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே செம்மண் தூசி அப்பிக்கிடந்தது. இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு (உடலின் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும்) இரண்டு ராம் (தற்காலிக நினைவகம்) அட்டைகளையும் உருவினேன். ஒன்றின் பொன்னிற விளிம்பில் கறுப்பாகக் கறை படிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டினேன். அந்த ஒன்றை மட்டும், இரு முனையும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்தினேன். ஒரே ஒரு பீப், திரை ஒளிர்ந்தது!

ஆனால் தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. இயங்குதளம் இல்லை என்றொரு செய்தி வேறு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரி 3 வோல்ட் தர வேண்டும், மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் 2.1 காட்டியது. அது தீர்ந்ததால் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) அமைப்புகள் அழிந்து, கோப்புகள் மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது டிஸ்க், கணினி இயங்குதளத்தைத் தேடும் வரிசையில் முதலிடத்துக்கு வந்திருக்கிறது. புதிய பேட்டரி போட்டுத் தேதியைத் திருத்தினேன், டிஸ்க் வரிசையை மாற்றினேன். விண்டோஸ் எழுந்தது. பிறகு இரண்டாவது ராமையும் சேர்த்தேன். அன்றிரவே மண்டிக் கணக்கை முடித்துவிட்டேன்.