62.50 எப்படி 63 ஆனது? கூகுள் ஷீட்ஸில் மாற்றத்தைக் கண்டுபிடிப்பதும் எண்ணைக் காட்டும் விதமும்

தங்கை கல்யாணச் செலவுக் கணக்கை கூகுள் ஷீட்ஸில் போட்டு, அண்ணனும் சித்தப்பாவும் அவரவர் செலவை எழுதட்டும் என்று பகிர்ந்திருந்தேன். இரண்டாவது வாரமே பஞ்சாயத்து. மண்டப அட்வான்ஸ் 50,000 என்று இருந்தது 5,000 ஆகிக் கிடந்தது. அரிசி கிலோ 62.50 என்று சித்தப்பா போட்டது 63 ஆகியிருந்தது. "யாருப்பா இதுல கை வெச்சது?" என்று அவர் போன் செய்துவிட்டார்.

பார்க்க இரண்டும் ஒரே தப்பு மாதிரி தெரிந்தாலும், ஒன்றில் எண்ணே மாறியிருந்தது. மற்றதில் எண் மாறவே இல்லை. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிச் சண்டை குறையும். கீழே உள்ளதெல்லாம் கம்ப்யூட்டரில், பிரவுசரில் திறந்து செய்வது.

படி 1: பெயரோடு பகிருங்கள்

'ஷேர்' பட்டனை அழுத்தி ஒவ்வொருவரின் மின்னஞ்சலையும் தனித்தனியாகச் சேர்த்து 'எடிட்டர்' உரிமை கொடுங்கள். சோம்பல்பட்டு 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று திறந்துவிட்டால், லாகின் செய்யாமல் வருபவர் பெயரில்லாத ஆளாகத்தான் பதிவாவார். அப்புறம் யார் திருத்தியது என்று தேடிப் பயனில்லை.

படி 2: ஒரு கட்டத்தின் கதையைப் பாருங்கள்

சந்தேகமான கட்டத்தில் வலது கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். யார், எப்போது, எந்த எண்ணை எடுத்துவிட்டு எதைப் போட்டார் என்று ஒரு சின்னப் பெட்டி சொல்லும். அதிலுள்ள அம்புக்குறியை அழுத்தினால் அதற்கும் முந்தைய மாற்றங்கள் வரும்.

மண்டபக் கட்டத்தில் அப்படிப் பார்த்தேன். 50,000-ஐ 5,000 ஆக்கிய புண்ணியவான் நான்தான். தூக்கக் கலக்கத்தில் ஒரு பூஜ்யத்தை விழுங்கியிருக்கிறேன். சித்தப்பாவிடம் இதைச் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இந்தப் பெட்டி எல்லாவற்றையும் சொல்லாது. வரிசையைச் சேர்த்தது, நீக்கியது, ஃபார்முலாவின் விடை மாறியது, எண்ணின் தோற்றத்தை மாற்றியது போன்றவை இதில் வராமல் போகலாம். அரிசிக் கட்டத்தில் சித்தப்பா போட்ட 62.5-க்குப் பிறகு எதுவுமே இல்லாததற்குக் காரணம் இதுதான்.

படி 3: முழுக் கோப்பின் வரலாறு

'ஃபைல்' மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி', அதில் 'ஸீ வெர்ஷன் ஹிஸ்டரி'. வலப்பக்கம் தேதிவாரியாகப் பழைய பதிப்புகள் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டால், அன்று யார் எங்கே திருத்தினார் என்று ஆளுக்கொரு நிறத்தில் காட்டும். பார்க்க மட்டும் உரிமை உள்ளவருக்கு இது திறக்காது.

இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். 'ரீஸ்டோர்' அழுத்தினால் ஒரு கட்டம் மட்டும் அல்ல, முழுக் கோப்பும் அந்த நாளுக்குப் போய்விடும். அதற்குப் பின் மற்றவர் எழுதியதெல்லாம் கண்ணில் இருந்து மறையும். (அழிந்துவிடாது, வரலாற்றில் இருக்கும், ஆனால் அதற்குள் இன்னொரு போன் வந்துவிடும்.) ஓரிரு எண்கள்தான் தவறு என்றால், பழைய பதிப்பில் பார்த்துக்கொண்டு வந்து கையாலேயே திருத்துங்கள். பெரிய மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் அதே மெனுவில் 'நேம் கரண்ட் வெர்ஷன்' கொடுத்து 'பத்திரிகை அடிக்கும் முன்' என்பது போல ஒரு பெயர் வைத்துவிடுங்கள். பின்னால் தேட எளிது.

படி 4: அந்த 63

கட்டத்தைக் கிளிக் செய்து, மேலே உள்ள ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். எனக்கு அங்கே 62.5 என்றே இருந்தது. யாரோ கருவிப்பட்டையில் தசமத்தைக் குறைக்கும் பட்டனைத் தட்டியிருக்கிறார்கள். கட்டம் முழு எண்ணாகக் காட்டுகிறது, கணக்கு என்னவோ 62.5-ஐ வைத்துத்தான் நடக்கிறது. அதனால்தான் 63 × 40 கிலோவுக்கு 2,520 வராமல் 2,500 வந்து, "கம்ப்யூட்டருக்கே கணக்கு தெரியலை" என்று சித்தப்பா சிரித்தார்.

படி 5: எண்ணுக்கு நீங்களே அச்சு (காட்டும் வடிவம்) கொடுங்கள்

கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, 'ஃபார்மேட்', 'நம்பர்', பட்டியலின் கீழ்ப்பகுதியில் 'கஸ்டம் நம்பர் ஃபார்மேட்'. வரும் பெட்டியில் 0 என்று போட்டால் அந்த இடத்தில் எப்போதும் ஓர் இலக்கம் நிற்கும். # போட்டால் இலக்கம் இருந்தால் மட்டும் காட்டும். விலைக்கு இது போதும்:

0.00

62.5 இப்போது 62.50 என்று தெரியும்.

அளவுக்கு, கட்டத்துக்குள் '40 கிலோ' என்று தட்டாதீர்கள். அது எண் அல்ல, எழுத்தாகிவிடும். கூட்டலில் சேராது, பெருக்கினால் பிழை வரும். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் எழுத்து என்று அர்த்தம். வெறும் 40 மட்டும் போட்டு, அச்சில் இப்படிக் கொடுங்கள்:

0.0" கிலோ"

அடுத்தது லட்சம். உங்கள் ஷீட்டில் 12,45,000 என்பது 1,245,000 என்று வந்தால் வீட்டுப் பெரியவர்கள் இலக்கத்தை விரல்விட்டு எண்ணுவார்கள். இதை அப்படியே ஒட்டுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

அரைப்புள்ளி ஒவ்வொரு நிலையையும் பிரிக்கிறது. கோடியும் அதற்கு மேலும் என்றால் முதல் அச்சு, லட்சமும் அதற்கு மேலும் என்றால் இரண்டாவது, மீதிக்கெல்லாம் மூன்றாவது. சாய்கோடு, 'இந்தக் கமாவை இந்த இடத்திலேயே வை' என்று சொல்கிறது. ஒரு குறை: கழித்தல் எண்கள் மூன்றாவது அச்சில் விழுவதால் அவை மட்டும் பழைய பாணியிலேயே தெரியும். செலவுக் கணக்கில் எனக்கு அது தொந்தரவாக இல்லை.

மேளக்காரர், சமையல்காரர் போன் எண்ணை மட்டும் இப்படிச் செய்ய வேண்டாம். தட்டும் முன்பே அந்தப் பத்தியை 'பிளெயின் டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டால் முதலில் வரும் 0 காணாமல் போகாது.

படி 6: பூட்டு

முக்கியமான கட்டங்களைத் தேர்ந்தெடுத்து 'டேட்டா' மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' போங்கள். அங்கே, இன்னார் மட்டும் திருத்தலாம் என்று கட்டுப்படுத்தலாம். அல்லது திருத்தும்போது எச்சரிக்கை மட்டும் வரச் செய்யலாம். முதல் வழியில் கோப்பின் சொந்தக்காரரைப் பூட்ட முடியாது. அதனால் மண்டப அட்வான்ஸ் கட்டத்துக்கு இரண்டாவதைப் போட்டு வைத்திருக்கிறேன்.