தாழ்த்திய காரும் தேய்ந்த டயரும்

ஸ்பிரிங் மாற்றிக் காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சில மாதங்களில் பின் டயரின் உள்விளிம்பைத் தடவினால் கம்பி விரலில் குத்தியது. வெளிப்பக்கமோ புதுசு போலவே இருந்தது.

அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைப் பார்த்தால், பின் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி சாய்ந்திருக்கும் அளவு) மைனஸ் 3 டிகிரி, அதாவது உள்பக்கச் சாய்வு. டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை திரும்பியிருக்கும் அளவு) வெளிப்பக்கம் விலகியிருந்தது. எல்லோரும் கேம்பரைத்தான் திட்டுவார்கள். டயரைச் சீக்கிரம் தின்பது பெரும்பாலும் டோதான்.

முன்பக்க சஸ்பென்ஷன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இருக்கும் வகை. அங்கே சின்னத் திருத்தம்தான், சாய்வைத் திருத்தும் கேம்பர் போல்ட் போதுமானதாக இருந்தது. பின்பக்கம் மல்டிலிங்க், ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் (இணைப்புத் தண்டுகள்) பிடித்திருக்கும் வகை. அதற்கு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கேம்பர் ஆர்ம் ஒரு ஜோடி, டோவுக்குத் தனி ஆர்ம் ஒரு ஜோடி வாங்கினேன். உலோக உருண்டை மூட்டு வைத்தது ஆசை காட்டியது. தினமும் ஓட்டும் வண்டிக்கு அந்தச் சத்தம் எதற்கு என்று மூட்டில் ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை) உள்ளதையே எடுத்தேன்.

மாட்டும்போது ஒரு தப்பு செய்தேன். சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை இறுக்கிவிட்டேன். வண்டி தரையில் இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு நின்றது. அப்புறம் எல்லாவற்றையும் தளர்த்தி, எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில் மறுபடி இறுக்கினேன். இப்போது பின் கேம்பர் மைனஸ் ஒன்றரை, டோ லேசாக உள்நோக்கி. புது டயர் சமமாகத் தேய்கிறது.