எண்பதுகளோட பெஸ்ட் படம் எதுன்னு அடிச்சிக்காம பேசுறது எப்படி?

தருமபுரி நாலு ரோடு டீக்கடையில இந்த பேச்ச எடுக்குறதுக்கு முன்னாடி 1980ல இருந்து 1989 வரைக்கும்தான்னு கறாரா சொல்லிடுங்க, இல்லனா ஒருத்தர் 1978ல வந்த முள்ளும் மலரும் படத்த கொண்டு வருவாரு, இன்னொருத்தர் தளபதிய இழுப்பாரு, அது 1991 ரிலீஸ்ங்க!

அப்புறம் ஒரு டைரக்டருக்கு ஒரு படம்தான். பாலு மகேந்திரான்னா மூன்றாம் பிறை, பாரதிராஜான்னா முதல் மரியாதை, இதுல பெருசா சண்டை வராது. மணிரத்னத்துக்குதான் மௌன ராகமா நாயகனான்னு ரெண்டு டீ போயிடும் (என் ஓட்டு மௌன ராகம், திட்டுறவங்க திட்டிக்கோங்க). பாட்ட வெச்சு மட்டும் மார்க் போடாதீங்க, இளையராஜா புண்ணியத்துல எல்லாமே பாஸாயிடும்.

முடிவான லிஸ்ட்ட எழுதி போட்டோ எடுத்துக்கோங்க, அடுத்த வாரமே நான் அப்படி சொல்லவே இல்லைம்பாங்க.